பெட்டி வாயடைத்த பிறகு

எங்கள் வீட்டில் கடைசியாகப் பேச்சை நிறுத்தியது அந்தப் பெட்டிதான். அதற்கு வெகுகாலம் முன்பே நான் நிறுத்தியிருந்தேன்.

பெட்டி என்று நான் சொல்வது காரில் வழிகாட்டும் பெட்டியை. முன்கண்ணாடியில் ரப்பரால் ஒட்டிக்கொண்டு நிற்கும் கையகலத் திரை. உள்ளே அதற்கென்றே ஒரு சிம் கார்டு. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று இங்கிலீஷில் சொல்ல ஒரு பொம்பளைக் குரல். இப்போது அதை யாரும் வாங்குவதில்லை, எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. எங்களுக்கு அது காரோடு வந்தது. குயிலாப்பாளையத்தில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்கே திரும்பிப் போனபோது, தன் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கே அந்தப் பழைய காரை விற்றுவிட்டுப் போனார். டிக்கியில் ஸ்பேனர், பெல்ட், கிரீஸ் டப்பா எல்லாம் போட்டுக்கொண்டு உப்பளம் உப்பளமாகப் போய்வர அவருக்கு அது போதும்.

அவர் மோட்டார் மெக்கானிக். மரக்காணத்து உப்பளங்களில் உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடும் மோட்டார் எது நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். உப்புத் தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது. அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

ஆனால் அவரிடம் போன் கிடையாது. இந்தக் காலத்தில் போன் இல்லாத மெக்கானிக்கா என்று கேட்காதவர்கள் இல்லை. இருந்தது, கிணற்றில் வீசிவிட்டார். எங்கள் பையன் அனுமந்தை பக்கம் மெயின் ரோட்டில் பைக்கோடு விழுந்து கிடக்கிறான் என்று, முகம் தெரியாத ஒருவர் அந்தப் போனில்தான் சொன்னார்.

அன்றைக்குக் காலையில் நடந்தது இவ்வளவுதான். மழை தூறிக்கொண்டிருந்தது. பையன் காலேஜில் சேர்ந்து முதல் வருஷம். பாண்டியில் கூட்டாளிக்குப் பிறந்தநாள், அப்பாவின் பைக் வேண்டும் என்றான். ரோடு ஈரமாக இருக்குது, பஸ்ஸில் போடா என்றேன். விடவில்லை. சமையல்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்து நச்சரித்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்த ஆத்திரத்தில், "எங்கியாச்சும் போய்த் தொலைடா, என் உயிர வாங்காத" என்று கத்தினேன். எந்த அம்மா சொல்லாத வார்த்தை அது? எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் நாலு வீட்டில் கேட்கும். அவனும் சிரித்துக்கொண்டேதான் நகர்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த சாவியைக் காணோம். திருட்டுப் பயல், எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளிலிருந்து, அவன் எங்கே கிளம்பினாலும் வாசல்வரைக்கும் போய், "போயிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புவேன். அன்றைக்குக் கோபம். போகவில்லை. பால் வழிந்த அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவனைக் கல்லறைக்குத் தூக்கிப் போகும் நேரம். மாதா கோயில் வாசலில் அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த ஜனம் அத்தனையும் நிற்கிறது. என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். என் கையைப் பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். "உன் வாயாலதான்டி போனான்" என்றார். "போய்த் தொலைன்னு சொன்ன இல்ல? தொலைஞ்சிட்டான் பாரு."

அதுவரைக்கும் மாரிலடித்துக்கொண்டு அழுதவள், அந்த நிமிஷம் நிறுத்திவிட்டேன். கண்ணீர்கூட நின்றுபோனது. இந்த வாய்தானே? சரி. இந்த வாய் இனி உன்னிடம் பேசாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் வீம்பு என்றார்கள். வீம்புதான், எனக்கு அது பிறவியிலேயே உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. பயமும்தான். நான் ஒன்று சொல்லி, அது இவருக்கும் பலித்துவிட்டால்?

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சோறு ஆக்குவேன், மூடி வைப்பேன். அவர் எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார். சட்டையைத் துவைத்து மடித்து வைப்பேன். கிரீஸ் கறை போகவில்லை என்றால் சட்டையைத்தான் திட்டுவேன், அவரை இல்லை. அவர் ஆரம்பத்தில் ஏதேதோ பேசிப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. பிறகு வாசலில் படுத்திருக்கும் நாயிடம் பேசத் தொடங்கினார். "டேய், இன்னிக்கு நான் வர்றதுக்கு மதியம் ஆயிடும்டா. யாரும் காத்துக்கிட்டு இருக்க வேணாம்." நாய் வாலை ஆட்டும். நான் உள்ளே குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்குள் எங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது பெரியவள், எங்கள் மகள். உப்பளத்துக்காரர்கள் என் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். "அக்கா, மோட்டாரு நின்னுபோச்சி, அண்ணன அனுப்புங்க" என்பார்கள். நான் மகளிடம் சொல்வேன், மகள் அப்பாவிடம் சொல்வாள். அவள் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டு, "நான் என்னா உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" என்று கத்தினாள். பாவம், தம்பி போன துக்கம் அவளுக்கும்தான் இருந்தது. எங்கள் இருவரில் யாருமே அதை விசாரிக்கவில்லை.

அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின வாரம், அப்பாவின் காரில் உட்கார்ந்து அந்தப் பெட்டியை நோண்டினாள். பிறகு என் போனில் ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டு விளக்கினாள். என் போனில் ஊர்ப் படம் தெரியும். படத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, அதற்கு ஒரு பெயர் எழுதி அனுப்பினால், கார்ப் பெட்டிக்குப் போய்ச் சேரும். பெட்டி அந்தப் பெயரைச் சத்தமாகப் படிக்கும், அங்கே போக வழியும் காட்டும்.

"போன்தான் வேணாம்னுட்டாரு. பெட்டி போன் இல்லியே" என்றாள். "இனிமே என்னை விட்டுடுங்க."

மேலேயிருந்து பார்க்கும்போது எங்கள் உப்பளம் குளியலறைத் தரையில் பதித்த சதுரக் கல் மாதிரி இருக்கும். எந்தச் சதுரம் யாருடையது என்று பழகச் சில வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேப்பமரத்து மோட்டார், மேட்டுக் கிணறு, ரெண்டு தென்னை என்று ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் வைத்தேன். அனுப்பிய கொஞ்ச நேரத்தில், என் போனில் அவர் கார் நீலப் புள்ளியாக நகரும். மேட்டுக் கிணற்றுக்குப் போய் நிற்கும். அடடா என்று இருக்கும் எனக்கு.

அப்புறம்தான் ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் பெயர் எழுதும் இடத்தில் ஊர்ப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. முதலில் எழுதியது, 'சாப்பாடு ஆறுது' என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டையே இடமாகக் காட்டி, அந்தப் பெயரோடு அனுப்பினேன். தமிழைத்தான், இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். பெட்டிக்காரி தமிழைப் படிக்கும் அழகைக் கேட்க வேண்டும். சூடான கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும். மகள் ஊருக்கு வந்திருந்தபோது காரின் பின்சீட்டில் என்னோடு உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். முன்சீட்டில் அவர் முதுகு குலுங்கியது. அவரும் சிரித்திருக்க வேண்டும்.

இப்படி வளர்ந்தது. மாத்திரை எடுத்துப் போகல. பால் வாங்கிட்டு வரணும். மோட்டார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணணும். எல்லாவற்றையும் பெட்டிக்காரி என் சார்பில் சொன்னாள். அது என் வாய் இல்லை. அதனால் பலித்துவிடுமோ என்ற பயமும் இல்லை. தெருவில் ஒரு அக்கா என்னைக் கேலி செய்வாள். "உன் வூட்டுக்காரரு கார்ல ஒருத்திய வச்சிருக்காராமே? அவதான் சாப்பிடக் கூப்பிடுறாளாம்?" நான், "ஆமா, அவளுக்குச் சமைச்சிப் போடறதும் நான்தான்" என்பேன்.

பையன் போன நாள் வருஷா வருஷம் வரும். அன்றைக்கு அவர் கோயிலுக்கு வரமாட்டார். கல்லறைக்கும், நான் போகாத நேரம் பார்த்துத்தான் போவார். பெட்டியில் அனுப்பத் தொடங்கிய பிறகு வந்த முதல் நினைவு நாளில், பூசை முடிந்து வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி, அனுமந்தை தாண்டி ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே மோட்டார் எதுவும் கிடையாது. அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். சமைத்து முடித்துப் பார்த்தேன், அங்கேயே இருந்தது. துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தேன், அங்கேயே இருந்தது. வீட்டு இடத்தைத் தொட்டு, 'போதும், வீட்டுக்கு வாங்க' என்று எழுதி அனுப்பினேன்.

புள்ளி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு திரும்பியது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது வரும் வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தார். கை கால் கழுவினார். சாப்பிட்டார். அவர் முகம் வீங்கியிருந்தது. நான் அருகில் நின்று பரிமாறினேன். வழக்கமாக அப்படி நிற்பதில்லை.

அதற்குப் பிறகு எல்லா நினைவு நாளும் அப்படியே நடந்தது. அவர் போய் நிற்பார், நான் அனுப்புவேன், வந்துவிடுவார். எங்களுக்குள் அதுதான் பேச்சு.

ஒரு நாள் என் போனில் இங்கிலீஷில் நீளமாக ஒரு செய்தி வந்தது. மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை.

"அம்மா, அந்தப் பெட்டி ரொம்பப் பழசாம். அந்த மாடலுக்கு எல்லாம் இனிமே இன்டர்நெட் சர்வீஸ் கெடையாதாம். நிறுத்தப் போறாங்களாம்."

"நிறுத்தினா?"

"வழி காட்டும். அதுல ஏற்கெனவே இருக்கிற படத்த வச்சிக் காட்டும். ஆனா போன்லருந்து எதுவும் அனுப்ப முடியாது. வண்டி எங்க இருக்குதுன்னும் தெரியாது. அப்பாவுக்கு ஒரு போன் வாங்கித் தரேன்மா. இல்ல, நீயே வாயத் தொறந்து பேசேன். எத்தினி வருசம்?"

"சரி வச்சிடு" என்றேன்.

சொன்ன தேதியில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குக் காலையில் 'ரெண்டு தென்னை' என்று அனுப்பினேன், போகவில்லை. மறுபடி அனுப்பினேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நீலப் புள்ளி, கடைசியாக அவர் டீசல் போட்ட பெட்ரோல் பங்கிலேயே நின்றுபோனது. கார் என் வாசலில் நிற்கிறது. போனில் பங்கில் நிற்கிறது. பைத்தியக்காரி மாதிரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு விஷயம் தெரியாது. யார் சொல்வது? மகள் சொல்லியிருக்கலாம், அவளுக்கு அவர்தான் போனில் கிடைக்கமாட்டாரே. பெட்டி மக்கர் செய்கிறது என்றுதான் நினைத்தார். அவர் மெக்கானிக் இல்லையா, விடுவாரா? கழற்றி, துணியால் துடைத்து, சிம் கார்டை எடுத்து ஊதி, மறுபடி மாட்டினார். சார்ஜ் ஒயரை மாற்றினார். அது ஒட்டும் கண்ணாடியையே கழுவினார். கடைசியில் பாண்டியில் ஒரு கடைக்கு எடுத்துப்போனார். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து நாயிடம் சொன்னார்:

"பெட்டி நல்லாத்தான் இருக்குதாம்டா. ஒரு கோளாறும் இல்லியாம். அந்தப் பக்கம் பேசறவங்கதான் நிறுத்திட்டாங்களாம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அன்றைக்கு அழுதேன். அது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகும் அவர் பெட்டியைக் கழற்றவில்லை. ரோட்டை வெட்டி அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புது ரோடு எதுவும் பெட்டியின் படத்தில் இல்லை. நல்ல தார் ரோட்டில் கார் போகும்போது திரையில் அது ஏரிக்குள் ஓடும். திரும்பு, திரும்பு என்று அவள் அலறுவாள். அவர் அணைக்காமல் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். மகள் புதுப் போன் வாங்கிவந்து கொடுத்தாள். அவர் அதைக் கையால் தொடவில்லை. அதற்குமேல் நாங்களும் வற்புறுத்தவில்லை.

வேலை நிற்கக்கூடாதே. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உப்பளத்து ஊரில் எந்த வண்டியை நிறுத்தினாலும், ராத்திரி பனியோடு உப்புக் காற்றும் சேர்ந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். காலையில் அதை அவர் துணியால் துடைப்பதற்கு முன்னால், நான் கோலம் போட வெளியே வருவதைப் போல வந்து, விரலால் அதில் எழுதுவேன். 'மேட்டுக் கிணறு.' அவ்வளவுதான். அவர் வந்து பார்ப்பார், துடைப்பார், கிளம்புவார். சில நாள் அந்த எழுத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்துக்கொண்டு போவார். நடுவில் ஏதாவது மோட்டார் நின்றால் சொல்ல வழி கிடையாது. மதியம் சாப்பிட வரும்போது பின்கண்ணாடியில் எழுதிவைப்பேன். விரலை நக்கினால் கரிக்கும்.

சாப்பாடு ஆறுது, மாத்திரை எடுத்துப் போகல, இதெல்லாம் கண்ணாடியில் எழுத முடியாது. தெருவே படிக்கும். அதனால் அவை எல்லாம் போயின. வெறும் இடம்தான் மிஞ்சியது.

அந்த வருஷம் நினைவு நாள் வந்தது. அவர் காலையிலேயே போய்விட்டார். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். கூப்பிட வழி இல்லை. மதியம் ஆயிற்று, வரவில்லை. சோறு காய்ந்தது. போனைத் திறந்தால் புள்ளி அந்த நாசமாய்ப்போன பெட்ரோல் பங்கிலேயே நிற்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாமா என்று செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். போய் நின்று என்ன சொல்வது? சாயங்காலம் கோயில் மணி அடித்த பிறகு வந்தார். சட்டையெல்லாம் ரோட்டுப் புழுதி. சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். வருஷா வருஷம் நான் கூப்பிடுவேன் என்று அங்கே காத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டியில் நான் என்ன அனுப்பினேனோ அதைத்தான் அவர் அன்றைக்கு முழுக்க எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்காவது எழுப்பி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. உன் வாயாலதான் போனான் என்ற குரல் காதில் கேட்டது. விழுங்கிவிட்டேன்.

அந்த வருஷ மழை சீக்கிரமே தொடங்கிவிட்டது. உப்பு வாரும் வேலை முடியவில்லை, மோட்டார்கள் பாத்தி ஓரத்திலேயே இருந்தன. ஒரு நாள் சாயங்காலம், வேப்பமரத்துப் பாத்திக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, "அண்ணே, தண்ணி ஏறுது, காலைல வந்து மோட்டார அவுத்துக் குடுத்துடுண்ணே. மூழ்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாத்திக்குப் போகும் மண்பாதையில், கழிமுகத்துத் தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. வேறு வழி கிடையாது.

மறுநாள், விடிந்தும் விடியாத நேரம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் டிக்கியில் சாமான்களை ஏற்றும் சத்தம் கேட்டது. நான் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். அப்போது என் போன் அடித்தது. அந்தப் பாத்திக்காரர்தான்.

"அக்கா! அண்ணன் கெளம்பிட்டாரா? அனுப்பாதக்கா! பாலம் அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சி. மேல தண்ணி ஓடுது, பாக்கறதுக்குப் பாலம் இருக்கிற மாதிரியே இருக்குது. வண்டிய உட்டா அவ்ளோதான்!"

போனைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். காரை ஸ்டார்ட் செய்துவிட்டார். பின்பக்கமாகத் தெருவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மழையில் எல்லா வீட்டுக் கதவும் மூடியிருந்தது. சொல்லியனுப்ப ஒரு ஆள் இல்லை. கண்ணாடியில் எழுதலாம் என்றால், அதில் தண்ணீர் அருவி மாதிரி ஊற்றுகிறது. கையை ஆட்டினேன். அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நேராகிவிட்டது. மழை, ஈர ரோடு, ஒரு வண்டி கிளம்பும் சத்தம். எல்லாம் அன்றைக்கு மாதிரியே.

"ஏங்க!"

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். எத்தனையோ வருஷமாக யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஏங்க! போகாதீங்க! போகாதீங்க!"

பிரேக் போட்டார். கார் குலுங்கி நின்றது. நான் ஓடிப்போய்க் கதவோரம் நின்றேன். ஒரு முழ தூரத்தில் நிற்கிறேன், மழைத் தண்ணீர் தலையிலிருந்து வழிகிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் குனிந்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் திரையை விரலால் தட்டினார். பிறகு அதன் சத்தத்தைக் கூட்டினார். காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

பெண்டாட்டியின் குரலைக் கேட்ட மனுஷன் பெட்டியைப் பார்க்கிறார். நான் அவரை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன்.

"நான்தான்! இங்க பாருங்க, நான்தான் கூப்பிட்டேன்!"

திரும்பினார். கண்ணாடியை இறக்கினார். மழை அவர் மேலும் அடித்தது.

"பாலம் போயிடுச்சி" என்றேன். "போன் வந்துச்சி. போகாதீங்க."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி, வெளியே என் பக்கம் நீட்டினார்.

"இந்தா. நீயே வச்சிக்க."

வாங்கிக்கொண்டேன். அவர் கை என் கையை விடவில்லை.

"அன்னிக்குச் சாவி நான்தான் குடுத்தேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தச் சாவி?

"நீ உள்ள கத்திக்கிட்டு இருந்த. அவன் பின்பக்கமா எங்கிட்ட வந்தான். அம்மா வேணாங்கிறாங்கப்பான்னான். நான்தான் ஆணியிலருந்து எடுத்துக் குடுத்தேன். அம்மாகிட்ட சொல்லாதடா, சீக்கிரம் வந்துடுன்னேன். நான்தான் குடுத்தேன்."

முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அந்தச் சாவியை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிய வேண்டும் போல இருந்தது. கோயில் வாசலில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் வாயைச் சொன்னாரே. அந்த வாயை நான் எத்தனை வருஷம் பூட்டி வைத்தேன்! படுக்கும்போதெல்லாம், அன்றைக்குப் பால் பொங்காமல் இருந்திருந்தால், நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று எத்தனை தடவை செத்தேன்!

"இத்தினி வருசமா இதச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லியா?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"நீ சண்ட போட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ பேசவே இல்லியே" என்றார்.

"அதுக்கும் நான்தானா?"

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடக்கத்தில்கூட அழவில்லை. என் கையில் சாவி. நானும் அங்கேயே நின்று அழுதேன். ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. நடுவில் கார்க் கதவு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவுமான நாங்கள், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றாக அழுதோம்.

"எறங்கி உள்ள வாங்க" என்றேன் கடைசியில். "காபிக்குத் தண்ணி வச்சிருக்கேன், கொதிச்சி வத்திப்போயிருக்கும்."

அவரை மன்னித்துவிட்டாயா என்று மகள் கேட்கிறாள். இல்லை. சில நாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே பொங்கிக்கொண்டு வரும், நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வார். ஆனால் பேசுகிறோம். அடுத்த நினைவு நாளுக்கு அவரோடு காரில் அனுமந்தைக்கு நானும் போனேன். ரோட்டோரத்தில் இரண்டு பேரும் நின்றோம். "போதும், வீட்டுக்கு வாங்க" என்றேன். உடனே வந்துவிட்டார்.

பெட்டி இன்னும் காரில்தான் இருக்கிறது. அவர் அதை இப்போது போடுவதில்லை. கார்ச் சாவி ஆணியில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. காலையில் வந்து கையை நீட்டி, "சாவி குடு" என்று கேட்பார். கொடுப்பேன். கோபமாக இருக்கும் நாளில், சாவியை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிவிடலாம் என்று இருக்கும். அவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு, கிளம்பாமல் உட்கார்ந்திருப்பார். டீசல்தான் வீணாகும். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வாசல்வரைக்கும் போகிறேன். "போயிட்டு வாங்க" என்கிறேன். ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் விட்டவள் நான்.